மேனியில் விளையும் முத்து

தூத்துக்குடியை நடுவாகக் கொண்ட முத்துக்குளித்துறைக் கரையில் 'முத்து' என்னும் சொல் இரு பொருள் தரும். மன்னார் வளைகுடாவின் பார்களில் சிப்பிக்குள் விளைவது ஒன்று. 1955-க்கும் 1961-க்கும் இடையே நடைபெற்ற குளிப்புகளோடு அந்தத் தொழில் இக்கரையில் ஓய்ந்துவிட்டது. மனித மேனியில் விளைவது மற்றொன்று. மில்லர்புரத்திலோ காயல்பட்டினத்திலோ ஒரு பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டு, தோலில் சிறு குருக்கள் எழுமாயின், வீட்டுப் பெரியவர்கள் "முத்துப் போட்டிருக்கிறது" என்பர். அண்டை வீட்டு வாசலில் வேப்பிலை செருகப்படும். முஸ்லிம் வீட்டு வாசலில் வேப்பிலை இல்லாமற் போகலாம். சொல் மட்டும் இரு வீட்டுக்கும் பொதுவாகவே இருக்கும்.

இந்தச் சொல்வழக்கின் அழகை நாம் மறுக்கவில்லை. ஆயினும், காய்ச்சலோடு எழும் குரு எதுவாயினும் அதனை 'அம்மை' என்னும் ஒரே பெயருக்குள் அடக்கிவிடுவதும், அம்மைக்கு மருந்து கொடுக்கலாகாது என்னும் எண்ணத்தை அப்பெயரோடு சேர்த்தே சுமப்பதும் உயிரிழப்பில் கொண்டுபோய் விடக்கூடியவை. தோலில் எழும் பரு தன்னளவில் ஒரு நோயன்று. உள்ளே நிகழும் ஒன்றின் குறி. ஒரே வடிவிலான குறியைப் பத்து வேறு நோய்கள் காட்டும். அவற்றைப் பிரித்தறியும் கலை எவ்வாறு வளர்ந்தது, அதில் நம் முன்னோர்க்கும் நம் மண்ணுக்கும் உள்ள பங்கு யாது, இன்று நம் இல்லங்களில் அக்கலையின் எப்பகுதி தேவைப்படுகிறது என்பவற்றை இங்குக் காண்போம்.

முதலில் சொற்களைத் தெளிவுபடுத்திக்கொள்வது நன்று. தோலின் நிறம் மட்டும் மாறி, விரலால் தடவினால் மேடு தட்டாதது திட்டு. தேமல் அத்தகையது. கையில் மேடாகத் தட்டுப்பட்டு, உள்ளே நீரோ சீழோ இன்றிக் கெட்டியாக, ஒரு சென்டிமீட்டருக்குக் குறைந்த அளவில் இருப்பதே பரு. அதனினும் பெரிதாக, ஆழத்தில் வேரூன்றியிருப்பது முடிச்சு. தெளிந்த நீர் கோத்திருப்பின் நீர்க்கொப்புளம். சீழ் கோத்திருப்பின் சீழ்க்கொப்புளம். சில மணி நேரத்தில் எழுந்து சில மணி நேரத்தில் அடங்குவது தடிப்பு. நம் ஊரில் 'காணாக்கடி' என்பது அதுவே. இப்பிரிவுகள் நூலாசிரியரின் வசதிக்காக ஏற்பட்டவையல்ல. ஒரு நோய் திட்டாகத் தொடங்கிப் பருவாகி, கொப்புளமாகி, பொருக்காகி உதிரும் வரிசையும் அதற்கு எடுக்கும் நாட்களுமே அந்நோயின் கையொப்பமாகும்.

பரு எழுவதற்குத் தோல் அறிந்த வழிகள் சிலவே. வியர்வைக் குழலோ மயிர்க்காலோ அடைபட்டு வீங்கலாம். மேற்றோலின் செல்கள் வரம்பு மீறிப் பெருகலாம்; மரு அவ்வாறு உண்டாவது. நுண்ணுயிரையோ ஒட்டுண்ணியையோ எதிர்க்க இரத்தத்தின் வெள்ளணுக்கள் ஓரிடத்தில் திரளலாம். ஏதேனும் ஒரு பொருள் தோலுக்குள் படியலாம். வழிகள் சிலவாகவும் நோய்கள் பலவாகவும் இருப்பதால்தான் கண்ணுக்கு எல்லாம் ஒன்றுபோல் தோன்றுகின்றன.

பழங்காலத்தார் உருவத்தைக் கண்டே பெயரிட்டனர். வடமொழி மருத்துவ நூல்கள் பெரியம்மையை 'மசூரிகா' என்றன. மசூர்ப் பருப்பு அளவினது என்பது பொருள். அரபுமொழியில் மணல்வாரி அம்மைக்கு 'ஹஸ்பா' என்று பெயர். பொடிக்கல்லைக் குறிக்கும் 'ஹஸ்பாஉ' என்னும் சொல்லும் அதே வேரினது. தமிழனும் அந்நோயை மணலை வாரி இறைத்தாற்போல் கண்டு 'மணல்வாரி' என்றான். ஒருவரையொருவர் கேளாமலே இரு மொழியினர் ஒரே காட்சியைக் கண்டிருக்கின்றனர் என்று கொள்ள இடமுண்டு. இந்நோய்க்குத் தட்டம்மை என்ற பெயரே இன்று மிகுதியாக வழங்குகிறது.

ராஸீயின் படுக்கையோரம்

பெரியம்மைக்கு அரபியில் 'ஜுதரீ' என்று பெயர். யானை ஆண்டில், அதாவது அண்ணலார் (ஸல்) பிறந்த ஆண்டில், அரபு மண்ணில் ஜுதரீயும் ஹஸ்பாவும் முதன்முதல் காணப்பட்டன என்னும் செய்தியை இப்னு இஸ்ஹாக் தம் வரலாற்றில் பதிவு செய்துள்ளார். இவ்விரண்டையும் இணைத்தே பேசும் வழக்கு எவ்வளவு பழையது என்பது இதனால் விளங்கும். இணைத்துப் பேசப்பட்டவற்றைப் பிரித்துக் காட்டும் பணியை ஒரு தனி நூலின் வழியே செய்தவர் அபூபக்ர் முஹம்மத் இப்னு ஸகரிய்யா அர்-ராஸீ. தஃப்ஸீர் கபீர் அருளிய இமாம் ஃபக்ருத்தீன் ராஸீ (ரஹ்) அவர்கள் வேறு. இவர் அவருக்கு ஏறத்தாழ மூன்று நூற்றாண்டு முற்பட்டவர். ரை நகரில் பிறந்து, ரையிலும் பக்தாதிலும் மருத்துவமனைகளுக்குத் தலைமை தாங்கி, ஹிஜ்ரி 313, கி.பி. 925 அளவில் மறைந்தார். இவரது 'கிதாபுல் ஜுதரீ வல் ஹஸ்பா' அளவில் சிறியது. இலத்தீனில் பலமுறை பெயர்க்கப்பட்டது. 1848இல் கிரீன்ஹில் என்பாரின் ஆங்கில மொழிபெயர்ப்பு இலண்டனில் வெளிவந்தது.

அந்நூலில் நம்மைக் கவர்வது, குரு எழுவதற்கு முன்பே நோயை அறிய அவர் மேற்கொண்ட முயற்சி. விடாத காய்ச்சல், முதுகுவலி, மூக்கில் நமைச்சல், உறக்கத்தில் அச்சம் ஆகியவற்றை அவர் முன்குறிகளாகக் கூறுகிறார். பின்னர் இரண்டையும் எதிரெதிரே நிறுத்துகிறார்: முதுகுவலி ஜுதரீயில் மிகும்; குமட்டலும் மன அலைக்கழிப்பும் ஹஸ்பாவில் மிகும். குரு எழுந்தபின் கண்ணைக் காப்பது எப்படி, தொண்டையைக் காப்பது எப்படி, வடுவைக் குறைப்பது எப்படி என்று விரிவாக எழுதுகிறார். பெரியம்மையால் பார்வை இழந்தோர் அக்காலத்தில் எத்தனை பேர் இருந்திருப்பர் என்பதை எண்ணும்போது, கண்ணுக்கென அவர் தனியே இடம் ஒதுக்கியதன் அருமை புரியும்.

நம் இதழ்களில் இத்தகைய அறிஞர்களைப் பற்றி எழுதுகையில், இன்றைய மருத்துவம் முழுவதையும் அவர்களே கண்டுவிட்டனர் என்னும் தொனி நுழைந்துவிடுவதுண்டு. ராஸீக்கு அந்தப் புகழ் தேவையில்லை. இந்நோய்கள் பிறரிடமிருந்து தொற்றுகின்றன என்று அவர் அந்நூலில் கூறவில்லை. இளமையின் இரத்தம் முதிர்ச்சி அடையும்போது, திராட்சைச் சாறு நுரைத்துப் பொங்குவது போல் பொங்குகிறது. அப்பொங்கலே குருவாக வெளிப்படுகிறது என்பது அவர் கருத்து. ஜாலீனூஸ் இந்நோயை அறிந்திருந்தார் என்று நிறுவவும் தொடக்கத்திலேயே முயல்கிறார். அதே ஜாலீனூஸின் மீது ஐயங்களைத் தொகுத்துத் தனி நூல் எழுதியவரும் அவரே. காரணத்தில் அவர் பிழைபட்டார். குறியைப் படிப்பதில் பிழைபடவில்லை. நோயாளியின் அருகில் அமர்ந்து நாள்தோறும் பார்த்ததை எழுதியதனால் ஆயிரம் ஆண்டுக்குப் பின்னும் அந்நூல் படிக்கப்படுகிறது.

அத்தகைய படுக்கையோர அறிவு நம் மாநிலத்திலும் உலகத் தரத்தில் விளைந்தது என்பது பலரும் அறியாத செய்தி. சென்னைத் தண்டையார்பேட்டையில் உள்ள தொற்றுநோய் மருத்துவமனையில் பணியாற்றிய மருத்துவர் ஏ. ஆர். ராவ், 6,942 பெரியம்மை நோயாளிகளைக் கண்டாய்ந்து, 1972இல் ஒரு நூல் வெளியிட்டார். குருக்கள் தனித்தனியாக எழுகின்றனவா, ஒன்றோடொன்று கலந்துவிடுகின்றனவா, மேடாக எழாமல் தோலோடு தட்டையாகப் படிந்து மென்மையாக இருக்கின்றனவா, இரத்தம் கசிகிறதா என்பதைக் கொண்டு அவர் நோயை வகைப்படுத்தினார். அவ்வகைப்பாட்டை உலக சுகாதார நிறுவனம் ஏற்றுக்கொண்டது. தடுப்பூசி போடாதவர்களுள் சாதாரண வகை கண்டவர்களில் பத்துக்கு மூவர் அளவில் இறந்தனர். தட்டை வகையில் பிழைத்தவர் அரியர். இரத்தம் கசியும் வகையில் ஏறத்தாழ எவருமே பிழைக்கவில்லை. அக்கொடிய வகை கருவுற்ற பெண்களையே மிகுதியும் தாக்கிற்று. ஆக, பரு எழாமல் தட்டையாக இருப்பது நற்குறியன்று. 'முத்து உள்ளே அடங்கிவிட்டது' என்று அந்நாளில் அஞ்சியோர் அச்சத்தில் பொருள் இருந்தது என்றே நமக்குத் தோன்றுகிறது.

பெரியம்மையைச் சின்னம்மையிலிருந்து பிரித்தறிவது எப்படி என்பது ராஸீயின் நூலில் இல்லை. ஐரோப்பாவில் ஹெபர்டன் 1767இல்தான் அதனைத் தெளிவாக எழுதினார். பெரியம்மையில் முகத்திலும் கைகால்களிலும் குரு செறிந்து, உடற்பகுதியில் குறையும். உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும்கூட எழும். ஓர் இடத்தில் உள்ள குருக்கள் எல்லாம் ஒரே பருவத்தில் இருக்கும். தோலுக்குள் புதைந்த சிறு குண்டு போலக் கெட்டியாகத் தட்டுப்படும். சின்னம்மையில் மார்பிலும் முதுகிலும் செறியும்; உள்ளங்கையில் அரிது. ஒரே இடத்தில் திட்டும் பருவும் நீர்க்கொப்புளமும் பொருக்கும் கலந்து கிடக்கும். கொப்புளம் பனித்துளி போல் மேலோட்டமாக நிற்கும்.

இவ்வேறுபாடு ஏட்டளவிலானதன்று. 1973 இலையுதிர் காலம் முதல் இந்தியாவில் வீடு வீடாகப் பெரியம்மையைத் தேடியவர்கள், நோய் கண்ட குழந்தையின் படம் அச்சிட்ட அட்டையைக் கையில் ஏந்திச் சென்றனர். எழுதப் படிக்கத் தெரியாத கிராமத்தாரும் படத்தைப் பார்த்து அடையாளம் கூறினர். நாட்டின் கடைசி நோயாளி 1975 மே 24 அன்று அஸ்ஸாமின் அன்றைய கரீம்கஞ்சில் கண்டறியப்பட்டார். உலகில் இயற்கையாக இந்நோய் கண்ட கடைசி மனிதர் சோமாலியாவின் மெர்கா நகர மருத்துவமனையில் சமையற்காரராகப் பணிபுரிந்த அலீ மாவ் மாலின். 1977 அக்டோபரில் அவருக்குக் காய்ச்சல் கண்டபோது முதலில் மலேரியா என்றனர்; குரு எழுந்தபின் சின்னம்மை என்றனர். பிற்பாடே உண்மை தெரிந்தது. நல்வாய்ப்பாக அவரிடமிருந்து எவருக்கும் பரவவில்லை. ஊசிக்கு அஞ்சித் தாம் தடுப்பூசி போட்டுக்கொள்ளவில்லை என்று பின்னாளில் அவரே ஒப்பி, இளம்பிள்ளை வாதத் தடுப்புப் பணியில் ஈடுபட்டு, 2013இல் அப்பணியிடையே மலேரியாவால் மறைந்தார். 1980 மே மாதம் உலக சுகாதாரப் பேரவை பெரியம்மை ஒழிந்ததாக அறிவித்தது.

அந்த ஒழிப்பின் கருவியான தடுப்பூசி இந்தியாவுக்கு வந்த வழியும் நம் வாசகர் அறியத்தக்கது. ஜென்னர் 1796இல் கண்ட முறையின் பால், வியன்னாவிலிருந்து பக்தாதுக்கும் அங்கிருந்து பஸராவுக்கும் வந்து, பஸராவிலிருந்து கப்பலேறி, 1802 ஜூன் 14 அன்று பம்பாயில் ஒரு மூன்று வயதுச் சிறுமியின் கையில் குத்தப்பட்டது. குளிர்ப்பெட்டி இல்லாத காலத்தில் ஒருவர் கையில் எழுந்த குருவிலிருந்து அடுத்தவர் கைக்கு என மாறிமாறியே அது உயிரோடு பயணம் செய்தது. அவ்வாண்டிலேயே சென்னைக்கும் இலங்கைக்கும் பரவியது. ஊர்தோறும் 'அம்மை குத்துபவர்' என்று ஓர் அலுவலர் உலவிய காலத்தை மூத்தோர் நினைவுகூர்வர். கிண்டியில் 1899இல் நிறுவப்பட்ட கிங் நிலையம் அதற்கான பாலைத் தயாரித்தது. நம் பாட்டனார், பாட்டியார் கைகளில் காணும் வட்டத் தழும்பு அதன் அடையாளம்.

இன்றைய அம்மைகள்

பெரியம்மை போயிற்று, அதற்குரிய அச்சமும் விலக்குகளும் சின்னம்மையின் மேல் வந்து அமர்ந்துகொண்டன. மாசி முதல் வைகாசி வரை நம் தெருக்களில் இந்நோய் மிகுதி. வீட்டில் தாளிப்பதில்லை, நோயாளியைத் தனியே படுக்கவைப்பர், இளநீரும் பழமும் மோரும் கொடுப்பர், நமைச்சல் எடுத்தால் நகம் படாமல் வேப்பிலைக் கொத்தால் வருடுவர், பொருக்கு உதிர்ந்தபின் தலைக்குத் தண்ணீர் ஊற்றுவர். இவற்றை எள்ளி நகையாடுவோரோடு நாம் உடன்படவில்லை. தனிமைப்படுத்துதலும் நீராகாரமும் நகம் படாமையும் எந்த மருத்துவரும் கூறுபவையே. குறை வேறிடத்தில் உள்ளது. குளிக்கலாகாது என்னும் விலக்கால் குருக்களில் அழுக்கேறிச் சீழ் பிடிக்கிறது. மருத்துவரிடம் போகலாகாது என்னும் விலக்கு அதனினும் கொடிது.

சிறு பிள்ளைகளில் பெரும்பாலோர்க்குச் சின்னம்மை தானே அடங்கிவிடும். வளர்ந்தவர்க்கு அவ்வாறன்று, நுரையீரல் அழற்சி உண்டாகலாம். கருவுற்ற பெண்ணுக்கு வந்தால் தாய்க்கும் முதல் இருபது வாரத்துக் கருவுக்கும் தீங்குண்டு. பேறுகாலத்தை ஒட்டி வந்தால் பச்சிளங்குழந்தையின் உயிருக்கே ஆபத்து. குரு எழுந்த 24 மணி நேரத்துக்குள் தொடங்கினால் அசைக்ளோவிர் என்னும் மருந்து நோயின் வேகத்தைக் குறைக்கும். மூன்றாம் நாள், ஐந்தாம் நாள் என்று காத்திருக்கும் வீட்டுக்கு அந்த வாய்ப்பு கைநழுவிவிடுகிறது. காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் போதும்; ஆஸ்பிரினைப் பிள்ளைகளுக்குக் கொடுக்கலாகாது. இதற்கான தடுப்பூசி ஜப்பானில் 1974இல் உருவாயிற்று. அரசின் இலவச அட்டவணையில் இல்லாமையால் தனியாரிடம் விலைகொடுத்தே போட்டுக்கொள்ள வேண்டியுள்ளது. அடங்கிய நோயின் கிருமி நரம்புக் கணுக்களில் உறங்கி, முதுமையில் ஒரு பக்கமாகக் கொப்புளித்து எழுவதே அக்கி.

ஓதி ஊதிய தண்ணீரும் துஆவும் மருந்துக்கு மாற்று என எண்ணுவோர் நம்மிடையே இல்லாமலில்லை. ஒவ்வொரு நோய்க்கும் மருந்து இறக்கப்பட்டுள்ளது, மருத்துவம் செய்துகொள்ளுங்கள் என்னும் கருத்துடைய நபிமொழிகள் ஸஹீஹான தொகுப்புகளில் இடம்பெற்றிருக்க, துஆவையும் மருந்தையும் எதிரெதிரே நிறுத்துவானேன்? தண்ணீர் பட்டால் நோய் மிகும் என்று நம்பத்தகுந்த மருத்துவர் கூறின் உளூவுக்குப் பகரம் தயம்மும் உண்டு. பொருக்குத் தட்டும்வரை ஜமாஅத்துக்கும் ஜும்ஆவுக்கும் வராதிருத்தல் பிறர்க்குச் செய்யும் நன்மையே. குரு எழுவதற்கு ஓரிரு நாள் முன்பிருந்தே இந்நோய் தொற்றத் தொடங்கிவிடுகிறது.

மணல்வாரி தொற்றும் வேகத்தில் சின்னம்மையையும் விஞ்சும். ஒருவரிடமிருந்து, தடுப்பாற்றல் இல்லாத பன்னிரண்டு முதல் பதினெட்டுப் பேர்க்குப் பரவக்கூடியது என்பர். மூன்று நான்கு நாள் கடுங்காய்ச்சல், இருமல், சிவந்த கண், மூக்கொழுக்கு. கன்னத்தின் உட்புறம் உப்புத் தூவினாற்போல் வெண்புள்ளிகள். பின்னர்க் காதின் பின்புறத்தில் தொடங்கி முகம், மார்பு, கால் எனக் கீழிறங்கும் செம்பருக்கள். இவை கொப்புளமாவதில்லை, இதுவே முதன்மையான வேறுபாடு. முத்துக் கோக்காத அம்மையாதலால் இதனை எளிதாக எண்ணுவோர் உளர். உலகில் இன்றும் ஆண்டுதோறும் ஏறத்தாழ ஓர் இலட்சம் பேர், பெரும்பாலும் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள், இந்நோயால் இறக்கின்றனர். 2017 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் ஒன்பது மாதம் முதல் பதினைந்து வயது வரையுள்ளோர்க்குத் தட்டம்மை, ரூபெல்லா தடுப்பூசி இயக்கம் தொடங்கியபோது, ஊசியைப் பற்றிய வதந்திகள் கைப்பேசி வழியே காட்டுத்தீயாய்ப் பரவின. அவ்வதந்திகளை நம்மவரும் கைமாற்றினர் என்பதை வருத்தத்துடன் குறிப்பிட வேண்டியுள்ளது. தடுப்பூசியின் பால் பக்தாது வழியே வந்த வரலாற்றை உடைய சமுதாயம் அது.

சொறியும் பட்டும்

காய்ச்சல் இன்றி எழும் பருக்களுள் நம் விடுதிகளையும் கூட்டுக் குடும்பங்களையும் மிகுதியாக வாட்டுவது சொறி. அரபியில் 'ஜரப்' என்றும், அதன் நமைச்சலை 'ஹிக்கா' என்றும் கூறுவர். அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி), ஸுபைர் (ரலி) ஆகிய இருவர்க்கும் நமைச்சல் இருந்தமையால் பட்டாடை அணிய அண்ணலார் (ஸல்) இசைவளித்த செய்தி புகாரியிலும் முஸ்லிமிலும் உள்ளது. ஆண்களுக்கு விலக்கப்பட்ட ஒன்று, தோலின் வேதனைக்காகத் தளர்த்தப்பட்டிருக்கிறது. ஷாஃபிஈ ஃபிக்ஹு நூல்கள் இதனைக் கொண்டு தேவைக்கான இசைவை வகுத்தன. இப்னுல் கையிம் (ரஹ்) தம் நபிவழி மருத்துவப் பகுதியில் இதனை ஆய்ந்துள்ளார். நமைச்சலைச் சிறு துன்பம் என்று ஒதுக்கிவிடாத இந்தக் கனிவு நம் விடுதிக் காப்பாளர்கள் நெஞ்சில் இருத்த வேண்டியது.

சொறியை உண்டாக்குவது அரை மில்லிமீட்டர்கூட இல்லாத ஒரு நுண்பூச்சி. பெண்பூச்சி மேற்றோலில் சுரங்கம் தோண்டி முட்டையிடுகிறது. கி.பி. பத்தாம் நூற்றாண்டில் தபரிஸ்தானத்து அபுல் ஹஸன் அஹ்மத் அத்-தபரீ, ஊசி முனையால் அதனை வெளியே எடுக்கும் விதத்தை எழுதினார். ஹிஜ்ரி 557, கி.பி. 1162இல் மறைந்த அந்தலுஸின் இப்னு ஸுஹ்ரும் தோலுக்கடியில் ஊரும், கண்ணுக்கு அரிதாகவே புலப்படும் சிற்றுயிரைப் பற்றிக் குறிப்பிட்டார். ஐரோப்பாவில் பொனோமோ 1687இல் நுண்ணோக்கியால் கண்டு வரைந்த பின்னரே பூச்சியும் நோயும் உறுதியாகப் பிணைக்கப்பட்டன. அதன் பின்னும் மருத்துவ உலகம் அதனை ஏற்க நெடுங்காலம் தயங்கியது.

விரலிடுக்கு, மணிக்கட்டு, இடுப்பு, அக்குள், ஆண்களுக்கு மறைவிடம் ஆகியவற்றில் சிறு பருக்கள். இரவில் மிகும் நமைச்சல். வீட்டில் ஒருவர்க்கு மேல் அதே தொல்லை: இம்மூன்றும் சேர்ந்தால் சொறி என்றே கொள்ளலாம். முதன்முறை தொற்றியவர்க்கு நமைச்சல் தொடங்க நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். ஆகவே நமைச்சல் இல்லாதவர் நோயற்றவர் என்று கொள்ளலாகாது. ஒரு மாணவனுக்கு மட்டும் களிம்பு கொடுத்து அனுப்புவது வீண்வேலை. அறையில் உள்ள அனைவரும் ஒரே இரவில் பெர்மெத்ரின் களிம்பைக் கழுத்து முதல் பாதம் வரை பூசி, காலையில் குளித்து, உடையும் விரிப்பும் வெந்நீரில் துவைக்க வேண்டும். ஒரு வாரத்தில் மீண்டும் ஒருமுறை. துவைக்க இயலாதவற்றைப் பையில் கட்டி மூன்று நாளைக்கு மேல் வைத்துவிட்டால் பூச்சி மடிந்துவிடும். மருந்திட்ட பின்னும் இரண்டு மூன்று வாரம் நமைச்சல் நீடிக்கும். மருந்து பலிக்கவில்லை என்று பொருளன்று. சொறிந்த புண்ணில் சீழ்க்கிருமி ஏறினால் சிறுநீரகம்கூடப் பழுதுபடக்கூடும். உலக சுகாதார நிறுவனம் 2017இல் இதனைப் புறக்கணிக்கப்பட்ட நோய்களின் பட்டியலில் சேர்த்தது.

தொற்று என்பதே இல்லை என்று பொருள்படும் நபிமொழியில் எடுத்துக்காட்டாக வருவதும் இந்த ஜரப் பிடித்த ஒட்டகமே. மணலில் மான்கள்போல் திரிந்த ஒட்டகங்களை ஒரு நோயுற்ற ஒட்டகம் கெடுத்துவிடுகிறதே என்று நாட்டுப்புறத்து அரபி ஒருவர் வினவ, முதல் ஒட்டகத்துக்குத் தொற்றவைத்தது யார் என்று அண்ணலார் (ஸல்) திருப்பிக் கேட்டார்கள். நோயுற்றவற்றை நலமுள்ளவற்றோடு சேர்க்கலாகாது என்பதும், தொழுநோயாளியிடமிருந்து விலகுக என்பதும் ஸஹீஹான அறிவிப்புகளிலேயே உள்ளன. நோய் இறைநாட்டமின்றித் தானாகவே பாயும் என்னும் அறியாமைக்கால நம்பிக்கையையே முன்னது மறுக்கிறது. காரணங்களைப் பேணுவதைப் பின்னவை ஏவுகின்றன என்று அறிஞர்கள் இணக்கம் கண்டனர். முன்னதை மட்டும் ஓதிக்காட்டி, ஒரே படுக்கையைப் பங்கிடச் செய்வது அந்த இணக்கத்தை அறியாதார் செயல்.

நமைச்சல் இல்லாத பரு ஒன்று உண்டு. நாம் அஞ்ச வேண்டியது அதற்கே. முகத்திலும் காது மடலிலும் கைகால்களிலும் இருபுறமும் ஒத்தாற்போல், பளபளப்பாக, வலியோ நமைச்சலோ இன்றி மெல்ல எழும் பருக்களும் முடிச்சுகளும் தொழுநோயின் குறியாக இருக்கலாம். துன்பம் தராதமையால் மாதக்கணக்கில், சில வேளை ஆண்டுக்கணக்கில் விட்டுவிடுகின்றனர். அதற்குள் நரம்பு பழுதாகி விரல் மடங்கிவிடுகிறது. 2005 இறுதியில் இந்தியா பத்தாயிரம் பேருக்கு ஒருவருக்கும் குறைவு என்னும் அளவை எட்டியது. அதனை நோயே ஒழிந்துவிட்டதாக மக்கள் கொண்டனர். உலகில் ஆண்டுதோறும் புதிதாகக் கண்டறியப்படுவோரில் பாதிக்கு மேற்பட்டோர் இந்தியரே. ஆறு மாதமோ ஓராண்டோ மருந்துண்டால் முற்றும் குணமாகும். அரசு நிலையங்களில் மருந்து இலவசம். மருந்து தொடங்கிய சில நாட்களிலேயே தொற்றும் தன்மை நீங்கிவிடும். குர்ஆனில் ஈஸா (அலை) அவர்கள் குணப்படுத்தியதாக வரும் 'அப்ரஸ்' என்பதைத் தமிழில் 'வெண்குஷ்டம்' என்று பெயர்ப்பதால் தோன்றும் குழப்பம் வேறு. வெண்புள்ளி தடவினால் மேடு தட்டாத நிறக்குறைவு, தொழுநோயோடு அதற்கு உறவில்லை, தொற்றாது.

ஏனையவற்றை விரைந்து கடக்கலாம். உப்பளத்தில் வெயிலில் நிற்போர்க்கும் பச்சிளங்குழந்தைகட்கும் எழும் வேர்க்குரு வியர்வைக் குழல் அடைப்பால் வருவது. காற்றும் பருத்தியாடையும் போதும். மாவு அப்புவது அடைப்பை மிகுவிக்கும். குழந்தைகளின் கைகாலில் திரும்பத் திரும்ப எழும் நமைச்சல் பருக்கள் பெரும்பாலும் கொசு, மூட்டை, உண்ணிக் கடியின் ஒவ்வாமை. நடுவில் குழி விழுந்த முத்துப்போல் வெண்பரு பிள்ளைகள் மேனியில் காணப்படின் அது தீங்கற்ற ஒரு கிருமித் தொற்று; கிள்ளினால் பரவும். ஊதா நிறத்தில், தட்டையாக, கோணல் விளிம்போடு மணிக்கட்டில் எழுந்து கடுமையாக நமைக்கும் பருவுக்குத் தோல் மருத்துவரே தக்கவர். சொறி என்றே மீனவர் அழைக்கும் இழுதுமீன் பட்டால் கோடுகோடாகப் பருக்கள் எழும். நன்னீர் ஊற்றாமல் கடல்நீரால் கழுவுவது முறை. மூச்சுத் திணறினால் மருத்துவமனைக்கு விரைய வேண்டும்.

துறைமுக நகரத்தார்க்கும் வளைகுடா நாடுகளில் உறவினர் உடையோர்க்கும் உரிய செய்தி ஒன்று எஞ்சியுள்ளது. 2022 ஜூலையில் ஐக்கிய அரபு அமீரகத்திலிருந்து கொல்லத்துக்குத் திரும்பிய ஒருவருக்குக் குரங்கம்மை உறுதியாயிற்று. இந்தியாவில் அதுவே முதல். 2024 செப்டம்பரில் அதன் புதிய கிளை மலப்புறத்தில் கண்டறியப்பட்டது. அவரும் அமீரகத்திலிருந்து வந்தவரே. உலக சுகாதார நிறுவனம் 2022இலும் 2024இலும் இதற்காக உலக நெருக்கடி அறிவித்தது. பின்னது 2025 செப்டம்பரில் விலக்கிக்கொள்ளப்பட்டது. கிருமி பெரியம்மையின் இனத்தது. ஆதலால் குருவும் அதைப்போன்றே ஆழமாக, கெட்டியாக, உள்ளங்கையிலும் எழக்கூடும். சிலர்க்கு மறைவிடத்திலேயே தொடங்கும். பெரியம்மையில் காணாத ஒன்று இதில் உண்டு: கழுத்திலோ தொடை இடுக்கிலோ நெறி கட்டும். உள்ளங்கையில் குரு, நெறிக்கட்டு, அண்மைப் பயணம் என்னும் மூன்றும் ஒருவரிடம் காணப்படின், வீட்டார் அதனை முத்து என்று பெயரிட்டு வேப்பிலை விரிக்கும் முன்னர், பயணம் செய்த நாளையும் குரு எழுந்த நாளையும் குறித்துக்கொண்டு அரசு மருத்துவமனைக்கு அழைத்துச் செல்வாராக. பெரியம்மைக்குக் குத்திய பழைய தழும்பு கையில் உடையோர்க்கு ஓரளவு காப்பு எஞ்சியிருக்கக்கூடும். 1980-க்குப் பின் பிறந்தோர்க்கு அது இல்லை.